சூளையிலிருந்து குழந்தை வாய் வரை

(விருத்தாசலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொம்மைத் தயாரிப்பில் தர மேலாண்மையும் பொருள் பாதுகாப்பும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் படித்ததும் மாணவர்கள் சிலர் கடைசி வரிசைக்கு இடம் மாறியதைக் கவனித்தேன். அவர்கள் மேல் குற்றமில்லை. தர மேலாண்மை என்றால் சுவரில் மாட்டிய சான்றிதழும், அதிகாரி வரும் வாரம் மட்டும் எழுதப்படும் பதிவேடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. பீங்கானுக்குக் கண்ணாடிப் பூச்சு தருகிற கிளேஸ் வாளி, சூளையின் மூலை, பெயின்ட் டப்பா, கொலுப்படி, இந்த நான்கைச் சுற்றியே பேசப் போகிறேன்.

ரயிலில் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு ஜங்ஷன். சைவர்களுக்குத் திருமுதுகுன்றம். எலக்ட்ரிகல் கடைக்காரருக்கு ஃபியூஸ் கேரியர் வருகிற ஊர். கார்த்திகை நெருங்கினால் பீங்கான் அகல் விளக்கு கிளம்புகிற ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு முன்னால் மேலே கிடக்கும் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. மண் பக்கத்தில் கிடைத்தது, ரயில் வசதி இருந்தது. தொழிற்பேட்டையும் அரசு பீங்கான் சேவை மையமும் வந்தன, தொழில் வணிகத் துறை ஒரு படிப்பையே இங்கே வைத்தது. இந்த வரலாறு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஃபியூஸ் கேரியருக்கும் பொம்மைக்கும் ஏறக்குறைய ஒரே மண், ஒரே சூளைச் சூடு. ஃபியூஸ் கேரியர் விஷயத்தில் மின்சாரத்துக்குப் பயந்து மனிதர்கள் ஒழுங்காக இருந்தார்கள். தரம் இல்லாததை வாங்க மாட்டோம் என்று மின்வாரியமும் ஒப்பந்தக்காரரும் சொன்னார்கள். பக்கத்து ரேக்கில் காய்ந்துகொண்டிருக்கும் பிள்ளையாரைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. மூக்கு நேராக இருக்கிறதா, நிறம் பளிச்சென்று இருக்கிறதா, அவ்வளவுதான். ஷாக் அடிக்கிற பொருளுக்குக் காட்டிய அக்கறையைக் குழந்தை கையில் போகிற பொருளுக்கு நாம் காட்டவில்லை. நாடு முழுக்கவே அப்படித்தான் இருந்தது, விருத்தாசலமும் விதிவிலக்கில்லை.

சட்டம் தாமதமாக வந்தது. 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளின் இறக்குமதியை அரசு ஆறு மாதத்துக்குத் தடை செய்தது. அடுத்த சில வாரங்களிலேயே, சர்வதேசத் தரச் சான்று இருந்தால் வரலாம் என்று தளர்த்தினார்கள். பிறகு பல ஆண்டு பெரிய அசைவில்லை. 2019இல் இந்தியத் தரக் குழுமம் தில்லி வட்டாரக் கடைகளில் பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது, இறக்குமதிப் பொம்மைகளில் 66.9 விழுக்காடு தேறவில்லை. அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, இறக்குமதி வரியும் 20லிருந்து 60 விழுக்காடு ஆனது. ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் எந்தப் பொருளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644.

நம் ஊர்க்காரர்கள் அப்போது பதறினார்கள். பதறியதில் நியாயம் இருந்தது. இரண்டு பேர் வேலை செய்கிற பட்டறையில் சோதனைக் கூடம் எங்கே வைப்பது? பின்னர் வந்த திருத்தம் அந்தப் பதற்றத்தைத் தணித்தது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொருளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளைச் செய்யும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளருக்கும் ஆணையிலிருந்து விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும், கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அவர்கள் அந்த வழியில் வருவார்கள். மற்றவர்கள் கைவினைஞர் அட்டையைக் காட்டலாம்.

அட்டை கிடைத்ததும் பலர் பாதுகாப்பு பற்றிய பேச்சையே விட்டுவிட்டார்கள். நான் பேச வந்தது இங்கிருந்துதான். விலக்கு கொடுத்தது உரிமம் வாங்குவதிலிருந்தும், முத்திரை குத்துவதிலிருந்தும், கட்டணம் கட்டுவதிலிருந்தும்தான். கிளேஸில் இருக்கிற ஈயத்துக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியாது. பெரிய கம்பெனிப் பொம்மையை வாயில் வைத்த குழந்தைக்கு என்ன ஆகுமோ, கைவினைஞர் பொம்மையை வாயில் வைத்த குழந்தைக்கும் அதேதான் ஆகும். சட்டம் கைவினைஞரை நம்பி விட்டிருக்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பட்டறைக்குள் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதே என் கேள்வி.

இப்போது இன்னொரு கேள்வி எழும். பீங்கான் பொம்மை பொம்மையா? வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் மற்ற எல்லாவற்றையும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. தரச் சோதனையில் பொம்மையைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கானது என்றால் ஏறக்குறைய நாலரை அடி உயரத்திலிருந்து பத்து முறை. அதற்கு மேற்பட்ட வயதுக்கு மூன்றடிக்குச் சற்று மேலிருந்து நான்கு முறை. விழுந்த பிறகு கூரான முனை வெளியே வரக்கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கானது என்றால் சிறு துண்டும் உடைந்து வரக்கூடாது. சிறு துண்டு எது என்று பார்க்க ஒரு குழல் வைத்திருக்கிறார்கள். உட்புற விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பாகம் சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு. அழுத்தாமல் போட்டால் முழுசாக உள்ளே அடங்கிவிடுகிற எந்தத் துண்டும் மூச்சுக்குழலை அடைக்கலாம் என்று கணக்கு. நம் பொம்மையை நாலரை அடியிலிருந்து சிமென்ட் தரை மேல் பத்து முறை போட வேண்டியதில்லை, ஒரு முறையே போதும். ஐரோப்பியத் தரமான இ.என். 71 இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் கை படும் இடத்தில் கண்ணாடியும் பீங்கானும் கூடாது.

ஆகவே நம் பிள்ளையார், கிருஷ்ணர், செட்டியார், புத்தர் பொம்மைகள் எல்லாம் அலங்காரப் பொருள், அலமாரிப் பொருள், விளையாட்டுச் சாமான் அல்ல என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஐரோப்பியச் சட்டமும், விழாக்கால அலங்காரப் பொருளையும், பதினான்கு வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு என்று தெளிவாக எழுதிய அலங்காரப் பொம்மையையும் விளையாட்டுப் பொம்மைகளின் பட்டியலிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் நம் ஆணையின் வரையறையில் ஒரு சொற்றொடர் உண்டு. விளையாட்டுக்கு ‘மட்டுமே’ என்று இல்லாவிட்டாலும், விளையாட்டுக்கும் பயன்படும்படி வடிவமைத்தது என்றால் அது பொம்மைதான்.

நவராத்திரிக் கொலுவை நினைத்துப் பாருங்கள். ஒன்பது நாளும் மேல்படியில் சாமிகள் பத்திரமாக இருப்பார்கள். கீழ்ப்படியில் பூங்கா, ரயில், கல்யாண ஊர்வலம், காய்கறிக் கடை. அது யார் கை எட்டுகிற உயரம்? வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் செட்டியாரின் தலையை ஒரு முறையாவது சப்பிப் பார்க்காமல் விடுமா? சொப்புச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன டீ கெட்டில், சின்ன கப், சின்ன சாஸர், சின்ன இட்லிப் பானை. இதை அலங்காரப் பொருள் என்று எந்த முகத்தோடு சொல்வோம்? குழந்தை அதில் தண்ணீர் ஊற்றி, சில சமயம் எலுமிச்சைச் சாற்றையே ஊற்றி, உங்களுக்கும் கொடுத்துத் தானும் குடிக்கும்.

அலமாரிப் பொருளா, விளையாட்டுப் பொருளா என்ற முடிவை மோல்டு செய்வதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். சூளையிலிருந்து இறக்கி, பெட்டியில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டும்போது எடுக்கிற முடிவு இல்லை இது. அலமாரிக்குப் போவது என்றால் அளவும் எடையும் அதற்கு ஏற்ப இருக்கட்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், உருண்டையான முகத்தோடு, சிவப்பு மஞ்சளில் செய்துவிட்டு ‘காட்சிக்கு மட்டும்’ என்று எழுதினால் அந்த எழுத்தைக் குழந்தை படிக்காது, பாட்டியும் படிக்க மாட்டார். குழந்தையும் தொடும் என்றால் ஒட்டுச் சாமானே வேண்டாம். கை, தும்பிக்கை, குடை, கிரீடம் எல்லாம் ஒரே வார்ப்பில் வருகிற மாதிரி மோல்டை வெட்டுங்கள். அழகு கொஞ்சம் குறையும், மடிப்புகள் தடிமனாகும். நம் பழைய வார்ப்புகளில் சிலவற்றை யாரோ அப்படித்தான் யோசித்துச் செய்திருக்கிறார் என்று அவற்றைத் தட்டிப் பார்த்தாலே தெரிகிறது.

இனி கிளேஸ். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஈயம் கிளேஸுக்கு மிகவும் பிடித்த பொருள். குறைந்த சூட்டில் உருகும், பிழை பொறுக்கும், கண்ணாடி போல மின்னும். நிறத்தைத் தூக்கிக் காட்டும். மண் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். உலகெங்கும் குயவர்கள் பல நூறு ஆண்டுகள் அதை விரும்பியதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை, வசதியும்தான். ஆனால் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கு குழந்தை உடம்பு எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் காய்ச்சல் வராது, வாந்தியும் வராது. படிப்பில் கவனம் குறைவதைப் பார்த்து வாத்தியார் பையனைத் திட்டுவார்.

ஈயத்தைச் சிலிக்காவோடு உருக்கிக் கண்ணாடித் தூளாக, அதாவது ஃபிரிட்டாக்கிப் போட்டால் கட்டுப்பட்டுவிடும் என்று சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. எப்போது உண்மை என்றால், கலவை விகிதம் சரியாக இருந்து, சூடும் முழுசாகக் கிடைத்தால். இரண்டு இடத்தில் இது காலை வாரிவிடும். ஒன்று, பச்சை நிறம் வேண்டும் என்று ஈயக் கிளேஸில் தாமிர ஆக்ஸைடு சேர்ப்பது. தாமிரம் சேர்ந்தால் கிளேஸிலிருந்து ஈயம் கசிவது பல மடங்கு கூடும். வெள்ளைக் கிளேஸைச் சோதித்துச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு, அதே வாளியில் ஒரு கரண்டி பச்சையைக் கலந்தால் அந்தச் சான்று செல்லாது. இரண்டாவது, சூளையின் குளிர்ந்த மூலை. உங்கள் சூளையில் எந்த மூலை என்று உங்களுக்கே தெரியும். கதவுக்குப் பக்கத்திலோ அடித்தட்டிலோ வைத்த சரக்கு நடுவில் வைத்ததைவிடக் குறைவாக வெந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி மின்னும். உரிய சூடு கிடைத்ததும் சாய்கிற கூம்பை வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதையும் நடுவில், கண்ணுக்குத் தெரிகிற துளைக்கு நேராக வைக்கிறார்கள். சாய்ந்துவிட்டது, வெந்துவிட்டது என்று சூளையை நிறுத்துகிறார்கள். அந்தக் கூம்பு சூளையின் நல்ல இடத்துக்குத்தான் சாட்சி. கூம்பைக் குளிர்ந்த மூலையிலும் வையுங்கள். சோதனைக்கு அனுப்புகிற பொம்மையையும் அங்கிருந்து எடுங்கள்.

காட்மியம் இன்னொரு தலைவலி. நல்ல சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வேண்டும் என்றால் பெரும்பாலும் அதன் பக்கம் போகிறார்கள். குழந்தைகளுக்கான சொப்பில் அந்த நிறங்களை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கோபால்ட் நீலம், இரும்புப் பழுப்பு, ஈயம் இல்லாத வெண்கிளேஸ், இவற்றை வைத்துக்கொண்டே அழகாகச் செய்ய முடியும். போராக்ஸ் ஃபிரிட்டும் துத்தநாகமும் கொண்ட கிளேஸ்கள் கடையிலேயே கிடைக்கின்றன. விலை கூடத்தான் செய்யும். சூட்டைப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும், ஈயத்தைப் போல அவை பிழையைப் பொறுக்காது.

சோதனை எப்படி நடக்கிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ். 9873இன் மூன்றாம் பகுதியில் எட்டுத் தனிமங்கள் இருக்கின்றன: ஆன்டிமனி, ஆர்செனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம். பொம்மையின் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, அதைப் போல ஐம்பது மடங்கு எடையுள்ள மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்குவார்கள், ஒரு மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். வடிகட்டி அளந்தால் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, காட்மியம் 75க்கு மேல் கூடாது. ஏன் 37 டிகிரி? உடம்பின் சூடு. ஏன் அந்த அமிலம்? வயிற்றில் இருப்பது. ஒரு குழந்தை பெயின்ட் துணுக்கை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கும் என்பதைக் கண்ணாடிக் குடுவையில் நடத்திப் பார்க்கிறார்கள். உண்ணும் பாத்திரம் என்றால் வேறு முறை. நாலு விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை, வினிகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஊற்றி அறைச் சூட்டில் 24 மணி நேரம் வைத்துவிட்டு அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். சொப்புக் கப்பை நான் இரண்டாவது முறையிலும் சோதிக்கச் சொல்வேன். குழந்தை அதைப் பாத்திரமாகவும்தான் நடத்துகிறது.

சூளைக்குப் பிறகு பூசும் பெயின்ட் பற்றிப் பேசாமல் முடியாது. கிளேஸ் இல்லாமல் பிஸ்கட்டாகச் சுட்டு எடுத்து, எனாமல் பெயின்ட்டிலோ ஸ்ப்ரேயிலோ நிறம் ஏற்றுவது சுலபம், மறுபடி சூளை வேண்டாம், விறகும் மிச்சம், எரிவாயுவும் மிச்சம். ஆபத்து எங்கே இருக்கிறது? வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2017 நவம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அந்த விதி வீட்டுப் பெயின்ட்டுக்கு மட்டும்தான். இரும்புக் கதவுக்கும், டிராக்டருக்கும், இயந்திரத்துக்கும் அடிக்கிற தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு அது பொருந்தாது. பட்டறைக்கு எந்த டப்பா வருகிறது? எது மலிவோ, எது சீக்கிரம் காய்கிறதோ, எது மஞ்சளாக நன்றாகப் பிடிக்கிறதோ அது. அதே மஞ்சள் லாரி பம்பரிலும் இருக்கலாம், அன்னப்பறவையின் அலகிலும் இருக்கலாம். டப்பாவின் மேல் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு உட்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு டப்பா காலியானதும் அதன் லேபிளைக் கிழித்துப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். பத்து பைசா செலவில்லை.

சப்ளையரைத் தெரியும், பல வருஷப் பழக்கம், அவர் கெட்ட சரக்கு தர மாட்டார் என்று சொல்வார்கள். அப்படி நம்பியவர்களின் கதை ஒன்றைக் கேளுங்கள். 2007 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டல் உலகெங்கும் சுமார் 15 லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. பெயின்ட்டில் ஈயம். செய்துகொடுத்தது பல ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் நம்பிக்கையைப் பெற்றிருந்த ஒரு சீனத் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலைக்கு நிறமி வந்தது உரிமையாளருக்கு நன்கு பழகியவர் ஒருவரிடமிருந்து. அந்தச் சங்கிலியில் யாரும் யாரையும் சோதிக்கவில்லை, எல்லாரும் எல்லாரையும் நம்பினார்கள். அந்த உரிமையாளர் சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார்.

அந்தக் கதையின் இரண்டாம் பாதி அதிகம் பேசப்படுவதில்லை. ஆகஸ்ட் 14இல் மேட்டல் இன்னும் பல மடங்கு பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெயின்ட் பிரச்சினையே இல்லை. பொம்மைக்குள் வைத்த சிறு காந்தங்கள் கழன்று வந்தன. இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை அவை இழுத்துப் பிடித்து ஓட்டை போடும். அது தொழிற்சாலையின் தவறில்லை, மேட்டலின் வடிவமைப்புத் தவறு. செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் பெய்ஜிங் போய் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கா அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றியது. என் பார்வையில் அந்த இரண்டாம் பாதிதான் நமக்கு அதிகப் பாடம். பெயின்ட்டைச் சோதித்து அனுப்பலாம், ஆனால் வரைபலகையில் தவறு நடந்தால் கடைசி மேசையில் எவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் அத்தனை பொம்மையும் தவறுதான்.

செகண்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம் இது. சூளையிலிருந்து இறக்கினால் ஃபர்ஸ்ட் ஒரு பக்கம், செகண்ட்ஸ் ஒரு பக்கம். ஊசித்துளை, புருவம் கோணல், கிளேஸ் வழிந்தது, நிறம் மாறியது, இதெல்லாம் செகண்ட்ஸ், பாதி விலைக்குச் சந்தையில் போகும். இதில் எனக்குத் தகராறு இல்லை. கோணல் புருவப் பிள்ளையாரும் பிள்ளையார்தான். ஆனால் விரிசலையும், குறை வேக்காட்டையும், ஒட்டுப் போட்டதையும் அதே கூடையில் போடுகிறோமே, அங்கேதான் கோளாறு. சூளையை அவசரமாகத் திறந்து குளிர்காற்று பட்டால், 573 டிகிரியைத் தாண்டும்போது சரக்கில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம். மண்சட்டி வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் சுண்டிப் பார்ப்பது போலச் சுண்டினால் போதும். நல்லது மணி போல ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகத் தட்டும். தட்டிப் பார்க்கிற வேலைக்கு ஓர் ஆளைப் போடுங்கள், அவரைப் பக்கத்தில் பேசிக்கொண்டே வேலை செய்ய விடாதீர்கள்.

ஒட்டுப் போடுவது இன்னும் மோசம். பச்சை மண்ணில் சிலிப், அதாவது மண் கரைசல், தொட்டு ஒட்டிய கை, சூளையில் உடம்போடு ஒன்றாகிவிடும். சுட்ட பிறகு உடைந்த கையைப் பசை போட்டு ஒட்டி, மேலே பெயின்ட் அடித்தால் அது வாடிக்கையாளரின் வீட்டில் ஒரு நாள் கழன்று விழும், சரியாக 31.7 மில்லிமீட்டர் குழலுக்குள் அடங்குகிற அளவில். அதை நான் செகண்ட்ஸ் என்று ஏற்க மாட்டேன். உடைத்துவிடுங்கள், பொடியை மறுபடி மண்ணில் சேர்க்கலாம்.

பதிவேடு எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சுளிக்க உரிமை இல்லாதவர்கள். சுந்தரர் இந்த ஊர்ச் சிவன் கோயிலில் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆற்றில் போடுமுன் அவர் செய்த காரியம் உங்களுக்குத் தெரியும். பொன்னில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது, மறுபடி பாடி அதைச் சரிசெய்துகொண்டார். கொடுத்தவர் சிவபெருமான், அப்படியும் சுந்தரர் மாதிரியை வெட்டி வைத்துக்கொள்ளாமல் விடவில்லை. நாம் மூட்டையில் வரும் ஃபிரிட்டை நம்பி அப்படியே கொட்டுகிறோம்.

நான் சொல்கிற பதிவேடு சின்னது. கிளேஸ் கலக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு எண். எந்த மூட்டை, எவ்வளவு எடை, எந்தத் தேதி, யார் கலக்கியது. ஒரு லிட்டர் சிலிப்பை எடை போட்டுப் பார்த்த கணக்கு. எந்தச் சூளையில் எந்தக் கிளேஸ் போனது. அந்தச் சூளையின் குளிர்ந்த மூலையிலிருந்து ஒரு பொம்மை, அடியில் எண் கீறி, அலமாரியில். பாரிஸ் சாந்து மோல்டு எத்தனை வார்ப்பு வார்த்தது என்பதையும் ஒரு கோடு கீறி வையுங்கள், தேய்ந்த மோல்டில் வார்ப்பின் விவரங்கள் மழுங்கிக்கொண்டே போகும். சென்னையிலிருந்து ஒரு கடைக்காரர் நாளை போன் செய்து, உங்கள் பொம்மையின் பூச்சு உரிகிறது என்று சொன்னால், ஒரு சூளைச் சரக்கை மட்டும் திரும்பப் பெறலாம். பதிவேடு இல்லாதவர் ஒரு சீசன் சரக்கையே திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

தொழிலாளர்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. காய்ந்த சரக்கின் விளிம்பைப் பிளேடால் தேய்த்துத் தூசி பறக்கவிடும் பழக்கம் நிற்க வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் போகாது. ஈரப் பஞ்சால் துடையுங்கள், தரையைப் பெருக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளேஸ் முக்குகிற பெண்கள் அதே கையால் மதியச் சாப்பாடு சாப்பிடுகிற பட்டறையில் குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி நாம் பேசுவதற்குக் கூச்சமாக இருக்கிறது.

கடைசியாகச் செலவு. ஒவ்வொரு பொம்மை வடிவத்தையும் சோதனைக்கு அனுப்ப எந்தச் சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகாது. நான் சொல்வது, பொம்மையைச் சோதிக்காமல் கிளேஸைச் சோதியுங்கள். ஐம்பது பட்டறைகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒரு சில ஃபிரிட் வியாபாரிகளிடம்தான் எல்லாரும் வாங்குகிறோம். எல்லாரும் சேர்ந்து ஐந்தாறு கிளேஸ்களை முடிவு செய்து, ஒவ்வொரு சரக்கு வரவுக்கும் ஒரு மாதிரியைப் பொதுச் செலவில் அனுப்பி, முடிவைச் சேவை மையத்தின் பலகையில் ஒட்டுங்கள். யாருடைய மூட்டை தேறவில்லை என்று ஊருக்கே தெரியட்டும். வியாபாரி அடுத்த முறை தானே சான்றோடு வருவார். கலவையைச் சோதிக்கவும் கூம்பை வைக்கவும் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. புராஜெக்ட் என்ற பெயரில் யாரும் படிக்காத அறிக்கை எழுதுவதைவிட, ஒரு பட்டறைக்கு ஒரு பதிவேடு என்று இரண்டு மாணவர்களை ஒதுக்கினால் ஆறு மாதத்தில் எந்தச் சூளையின் எந்த மூலை குளிர்கிறது என்ற வரைபடமே கிடைத்துவிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சூளையைப் பற்றிய கேள்வி என்றால் முன்வரிசையில் இருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள்.